விசாரிக்க வருவார்கள்

3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு
ஜார்ஜ் டவுன், பினாங்கு

ஷூவில் பூஞ்சை பிடித்துவிட்டது. ஆம்பூரிலிருந்து கொண்டுவந்த நல்ல ஷூ. கட்டிலுக்கு அடியில் கிடந்ததை இன்று எடுத்துப் பார்த்தால் உள்ளும் வெளியும் வெள்ளை வெள்ளையாக முளைத்திருக்கிறது. இந்தத் தீவில் பாதி நாள் மழை, மீதி நாள் புழுக்கம். தோலுக்கு ஆகாத ஊர். துடைத்து ஜன்னலில் வைத்தேன். வைத்த உடனே மழை வந்தது.

நான் இருப்பது பழைய கடைவீட்டின் மாடி அறை. கீழே ஒரு சீனப் பெரியவரின் ஊதுபத்திக் கடை. உலகம் முழுக்க இருந்து வந்து இந்தத் தெருவைப் படம் எடுக்கிறார்கள். மரக்கதவு, ஓட்டுக்கூரை, சுவரில் வரைந்த சித்திரம் எல்லாம் அவர்களுக்கு வேண்டும். எத்தனையோ பேர் ஃபோனில் ஜன்னலில் காயும் என் ஈரப் பனியனும் இருக்கும். வேறு எந்த விதத்திலும் இந்த ஊருக்கு என்னைத் தெரியாது.

பிப்ரவரியில் பத்து நாள் சுற்றிப் பார்க்க வந்தேன். ‘எங்க போற, எப்ப வர்ற, ஏன் இன்னும் தூங்கல’ என்று கேட்க ஆளில்லாத ஊர். அது பிடித்துப்போய்த் தங்கிவிட்டேன். மாதம் ஒரு தரம் வேனில் தாய்லாந்து எல்லைக்குப் போய், அடுத்த முப்பது நாள் தங்க பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி வர வேண்டும். போன தடவை அதிகாரி பாஸ்போர்ட்டை ரொம்ப நேரம் புரட்டினார். ‘டூரிஸ்ட்’ என்றேன். யார் கேட்டாலும் இப்போது அதே பதில்தான்.

வேலை செய்வது போர்ச்சுகல் கம்பெனி ஒன்றுக்கு. ஷூவைத் தைப்பதற்கு முன்னாலேயே அது எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் செய்து காட்டுகிறேன். தோலின் மடிப்பு, மயிர்க்கண், தையல் ஓட்டம் எல்லாம் நிஜம் போல வரவேண்டும். என்னை எடுத்ததற்கே காரணம், நான் ஆம்பூர்க்காரன், தோல் பதனிடும் டேனரிக்குப் போய்த் தோலைத் தொட்டுப் பார்ப்பேன் என்பதுதான். தங்கள் இணையதளத்தில் அதைப் பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். அம்மாவிடம் நான் சொன்னது, கம்பெனி பினாங்கில் ஆபீஸ் திறந்து என்னை அனுப்பியிருக்கிறது என்று.

ஆக, கம்பெனிக்கு நான் ஆம்பூரில் இருக்கிறேன். ஆம்பூருக்கு நான் கம்பெனியில் இருக்கிறேன். இப்படியே நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

9 ஆகஸ்ட், சனி

நேற்று சாயங்கால மீட்டிங்கில் போர்ச்சுகல் மேடத்துக்கு ஆட்டுத்தோல் சாம்பிள் வேண்டுமாம், கசக்கிப் பார்த்துவிட்டுப் படம் அனுப்பு என்றார். வில்சனுக்கு ஃபோன் போட்டேன். வில்சன் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு, டேனரியில் எலக்ட்ரீஷியன். நான் இங்கே எப்படி இருக்கிறேன் என்று முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

“சூப்பர்வைசர் கேட்டா இன்னா சொல்றது?”

“மோட்டார் ஃபோட்டோன்னு சொல்லு.”

“உன்னால எனக்கு வேலை போவப் போகுது பாரு,” என்று திட்டினான். இன்று காலை பதினைந்து படம் அனுப்பிவிட்டான். ஒன்றில் அவன் கட்டைவிரல் தோலை மடக்கிக் காட்டுகிறது. அந்த விரலை அழித்துவிட்டு அனுப்ப வேண்டும்.

மீட்டிங் நடுவில் பக்கத்துப் பழைய மசூதியில் பாங்கு சொன்னார்கள். மேடம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, ‘உங்கள் ஆம்பூர் அழகாக இருக்கிறது’ என்றார். என் முதுகுக்குப் பின்னால் அம்மா கொடுத்துவிட்ட பூப்போட்ட பெட்ஷீட் தொங்குகிறது. ஆமாம் என்றேன்.

15 ஆகஸ்ட், வெள்ளி

அம்மா ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறாள். பெயர் கிறிஸ்டினா. குடியாத்தம். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா இல்லை. தாய்மாமன்தான் எல்லாம் பார்த்துச் செய்கிறார். சாலமோன் என்று பெயர், ஆம்பூரில் ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அம்மா முட்டி வலி வந்து வேலையை விடும்வரை அதே கம்பெனியில் ‘அப்பர்’ என்கிற ஷூவின் மேல்தோலைத் தைத்தவள், அவரைத் தெரியும்.

“நல்ல மனுசன்டா. பொண்ணும் நல்லா பேசுது. உன் ஃபோட்டோ காட்டினேன், பினாங்கு ஆபீஸ்ல கீறான்னு சொன்னேன். அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம்.”

“எதுக்குமா ஆபீஸ் கதையெல்லாம்?”

“கதையா? நீதானே சொன்ன?”

நான்தான் சொன்னேன். அப்புறம் சாப்பாடு, மழை என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

21 ஆகஸ்ட், வியாழன்

கிறிஸ்டினாவே ஃபோன் செய்தாள். சாப்பாட்டு இடைவேளையாம், பின்னால் தட்டுச் சத்தம்.

பத்து நிமிஷத்தில் என்னைக் குறுக்கு விசாரணை செய்துவிட்டாள். காலையில் இன்னா சாப்ட்டீங்க. யார் சமைக்கறாங்க. காய்ச்சல் வந்தா யாரு பாப்பாங்க. “ஆப்ல மாத்திரை ஆர்டர் பண்ணிப்பேன்,” என்றேன். “கஞ்சி?” என்றாள். கஞ்சிக்கும் ஆப் இருக்கும் என்றேன். சிரித்தாள். சிரிப்பை அடக்கத் தெரியாத பெண். பக்கத்தில் யாரோ அதட்டுவதும் கேட்டது.

வைக்கும்போது, “சரி ஐசக், நாளைக்கு பேசலாம்,” என்றாள்.

இந்த ஊரில் எல்லோருக்கும் எல்லோரும் ‘பாஸ்’. டீக்கடையில் பாஸ், துணி துவைக்கும் கடையில் பாஸ், வேன்காரனுக்கும் பாஸ். பிப்ரவரிக்குப் பிறகு அம்மாவும் வில்சனும் தவிர ஒருவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது இன்றுதான். சின்ன விஷயம். அதற்கப்புறம் வேலை ஓடவில்லை.

26 ஆகஸ்ட், செவ்வாய்

ஷூவை வெயிலில் வைத்தேன். வெயில் வந்தது, அதிசயம்.

6 செப்டம்பர், சனி

தினமும் பேசுகிறோம். அவள் டியூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்கு இங்கே சாயங்காலம். ஜன்னலைத் திறந்து ஃபோனை நீட்டச் சொல்வாள். தெருவில் போகிற ரிக்‌ஷா, பிளாஸ்டிக் பூ, அதில் பாட்டு. “நம்ம ஊர் மாரியம்மன் தேரு மாதிரி கீதே,” என்றாள். எனக்கும் வந்த முதல் நாள் அப்படித்தான் தோன்றியது, சொல்ல ஆளில்லாததால் மறந்துவிட்டேன்.

இன்று கேட்டாள், “கல்யாணத்துக்கு அப்புறம் நானும் அங்க வரணுமா?”

“வர்றியா?” என்றேன். நீங்க என்பது என்னை அறியாமல் போய்விட்டது.

“ஆஸ்பத்திரி இருந்தா எந்த ஊரும் எனக்கு ஒண்ணுதான். ஆனா பக்கத்துல பேச நாலு பேர் இருக்கணும். இருக்காங்களா?”

இருக்கிறார்கள் என்றேன். ஃபோனை வைத்துவிட்டு யார் யார் என்று யோசித்துப் பார்த்தேன். கீழ்வீட்டுச் சீனப் பெரியவர் என்னைப் பார்த்தால் தலையை ஆட்டுவார். சோற்றுக்கடைக்காரர் நான் கேட்காமலே மீன் தலை வைப்பார். அவ்வளவுதான் தேறியது.

எனக்கு இந்தப் பெண் வேண்டும். இதை எங்கேயும் சொல்லத் தெரியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். இவள் எனக்கு வேண்டும்.

14 செப்டம்பர், ஞாயிறு

கிறிஸ்டினா சொன்னாள்: “கோயில்ல அறுப்பின் பண்டிகை முடிஞ்சதும் நிச்சயம் வச்சுக்கலாம்னு மாமா சொல்றாரு. அதுக்கு முன்னாடி விசாரிக்கணுமாம். ஆபீஸ் அட்ரஸ் கேட்டாரு.”

விசாரிக்காமல் எங்கள் பக்கம் யாரும் பெண் கொடுப்பதில்லை. பையன் வேலை செய்யும் இடத்து வாட்ச்மேன், தெருமுனைக் கடை, எதிர்வீடு. கேட்பவர் யாரென்று தெரியாத மாதிரி வந்து கேட்டுவிட்டுப் போவார். என் சித்தி கல்யாணத்துக்கு அப்பா அப்படித்தான் ராணிப்பேட்டை போய் ஒரு சைக்கிள் கடையில் அரை நாள் உட்கார்ந்துவிட்டு வந்தாராம். அதெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்ட கதை.

என்னை எங்கே போய் விசாரிப்பார்கள்?

சொல்லிவிட்டேன். அவளிடம் மட்டும். ஆபீஸ் இல்லை, அறைதான் ஆபீஸ், கம்பெனிக்கு நான் இங்கே இருப்பதே தெரியாது, அம்மாவுக்கு ஆபீஸ் இல்லாதது தெரியாது. சொல்லச் சொல்ல எனக்கே கேட்க அசிங்கமாக இருந்தது.

“வேலை நிஜம்தானே?” என்றாள்.

“நிஜம்.”

“அப்ப ஒண்ணும் இல்ல. நீங்களே மாமாவுக்கு ஃபோன் பண்ணி சொல்லிடுங்க. கத்துவாரு, அப்புறம் சரியாயிடுவாரு. நான் சொன்னா நல்லா இருக்காது. நீங்க சொல்லணும்.”

சரி என்றேன்.

“இந்த வாரமே. அவருக்கு அங்க யாரோ தெரிஞ்சவங்க இருக்காங்களாம்.”

17 செப்டம்பர், புதன்

சாலமோன் மாமாவின் நம்பர் ஃபோனில் இருக்கிறது. இன்று எடுத்தேன். மீட்டிங் வந்துவிட்டது. (மீட்டிங் வர அரை மணி இருந்தது. யாரிடம் கணக்கு காட்டுகிறேன்?)

20 செப்டம்பர், சனி

வேறு யோசனை. ஆபீஸ் இல்லாவிட்டால் என்ன, தெரு இருக்கிறதே. உள்ளூர்த் தமிழர் யாராவது வந்து கேட்டால், ‘தங்கமான பையன்’ என்று நாலு பேர் சொன்னால் போதும். அப்புறம் மாமாவிடம் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

காலையில் ஊதுபத்திக் கடைப் பெரியவரிடம் போய், நெஞ்சில் கை வைத்து, “ஐசக்,” என்றேன். அவர் தலையை ஆட்டினார். மறுபடி சொன்னேன். உள்ளே போய் ஒரு கட்டு ஊதுபத்தி எடுத்து வந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

மத்தியானம் சோற்றுக்கடை. இங்கே நாசி கண்டார் என்பார்கள், தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற சோறு குழம்புக் கடை. “அண்ணே, என் பேர் ஐசக். பக்கத்துத் தெருதான். ஷூ டிசைன் வேலை,” என்றேன். “நல்லது பாஸ்,” என்றார். “யாராவது என்னைப் பத்திக் கேட்டா...” என்று ஆரம்பித்ததும் கரண்டி நின்றுவிட்டது. “பிரச்சினை ஒண்ணும் இல்லையே பாஸ்? போலீஸ் கேஸா?” அவருக்கு விளக்குவதற்குள் வியர்த்துவிட்டது. பின்னால் வரிசை வேறு.

நாளைக்குத் தமிழ் ஆராதனை எங்கே நடக்கிறது என்று தேடிப் போக வேண்டும். ஏழு மாதத்தில் ஒரு நாள் கோயில் பக்கம் போகாதவன் இப்போது போனால் கர்த்தருக்கே சந்தேகம் வரும்.

25 செப்டம்பர், வியாழன்

இன்று சோற்றுக்கடையில் ஒரு பெரியவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். வெள்ளை ஜிப்பா, தாடி, கையில் பிள்ளைகளுக்கு வாங்கிய பொம்மைப் பை. குடும்பத்தோடு ஊர் சுற்ற வந்தவர் போல. சோற்றைப் பிசைந்துகொண்டே, “இன்னாப்பா, இந்த ஊர் குழம்புல இனிப்பு ஜாஸ்தியா கீதே,” என்றார்.

வாணியம்பாடிப் பேச்சு. சந்தேகமே இல்லை. எங்கள் பஜாரில் தினம் கேட்ட பேச்சு.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“சென்னை,” என்றேன்.

ஆம்பூர் என்றால் இங்கே யாருக்கும் தெரியாது, தெரிந்தவர்கள் பிரியாணி என்பார்கள், அதனால் எல்லோரிடமும் சென்னை என்று சொல்லிப் பழக்கம். ஆனால் இவரிடம் அதனால் சொல்லவில்லை. இவருக்கு ஆம்பூர் தெரியும், அதனால்தான் சொன்னேன். நம் ஊர் ஆள் என்று தெரிந்தால் எங்கே தங்கியிருக்க, மாடியைக் காட்டு என்பார், ஊருக்குப் போய் ‘பையன் ஊதுபத்திக் கடை மேல கிடக்கிறான்’ என்பார். இது சாலமோன் மாமா காதுக்குப் போகாதா?

“இங்க வேலையா?”

“இல்ல பாய், டூரிஸ்ட். சும்மா சுத்திப் பாக்க வந்தேன்.”

“வேலை?”

“பாக்கணும்.”

“கல்யாணம் காட்சி ஆயிடுச்சா?”

“அதெல்லாம் இப்ப இல்ல பாய்,” என்றேன். சும்மா சொன்னேன். பேச்சை முடிக்கத்தான்.

அவர் நல்ல மனிதர். தன் தட்டிலிருந்து ஒரு துண்டு கறியை என் தட்டில் வைத்து, “சாப்பிடுப்பா, ஒல்லியா கீற,” என்றார். எழுந்து போகும்போது தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

தப்பித்தேன்.

2 அக்டோபர், வியாழன்

தப்பிக்கவில்லை.

அம்மா காலையிலேயே கூப்பிட்டாள். குரலே சரியில்லை. “அவங்க வேணாம்னுட்டாங்கடா. உன்னை நேர்ல பாத்த ஆளு வந்து சொல்லிட்டாராம். வேலையும் இல்ல ஒண்ணும் இல்ல, டூரிஸ்டா சுத்தறானாம். கல்யாணமே இப்ப வேணாம்னு சொன்னியாமே? யாருடா அது? யார்கிட்டடா சொன்ன?”

சாயங்காலம் வில்சன் விசாரித்துச் சொன்னான்: லியாகத் அலி. வாணியம்பாடி. தோல் வியாபாரம். சாலமோன் மாமாவின் கம்பெனிக்குத் தோல் போடுகிறவர். மகள் வீட்டுக்கு மலேசியா போகிறவரிடம், ‘ஒரு எட்டு பாத்துட்டு வாங்க பாய்’ என்று என் ஃபோட்டோவையும் நான் தினம் சாப்பிடும் கடையின் பேரையும் அனுப்பியிருக்கிறார்கள். பாய் என்னைப் பார்த்ததும் கண்டுபிடித்துத்தான் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.

அந்தக் கறித்துண்டு. எல்லாம் கேட்டு முடித்த பிறகுதானே வைத்தார்.

3 அக்டோபர், வெள்ளி

நான் ஏன் சென்னைன்னு சொன்னேன்? ஏன்டா சொன்ன?

5 அக்டோபர், ஞாயிறு

கிறிஸ்டினா ஃபோனை எடுத்தாள். எடுக்க மாட்டாள் என்று நினைத்திருந்தேன். எடுக்காமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

“மாமாவுக்கு ஃபோன் பண்ணீங்களா?”

“இல்ல.”

“ஒரு வாரம் ஃபோனைப் பாத்துட்டே இருந்தேன். இன்னைக்கு பண்ணுவாரு, நாளைக்கு பண்ணுவாருன்னு.”

“அவர் யாருன்னு தெரியாம சொல்லிட்டேன் கிறிஸ்டினா.”

“தெரிஞ்சிருந்தா வேற சொல்லியிருப்பீங்க. அதான் எனக்கு பயமா கீது.” அழவில்லை. நோயாளியிடம் பேசுகிற மாதிரி மெதுவாகத்தான் பேசினாள். “ரூம்லதான் வேலைன்னு என்கிட்ட சொன்னப்ப எனக்கு கோவமே வரல. நம்மகிட்ட சொல்றாரேன்னு சந்தோஷமா இருந்துச்சு. ஆனா சோறு தின்ற இடத்துல, பேர் தெரியாத ஒருத்தர் கேட்டதுக்கு, கல்யாணம் இல்லன்னு சொல்ல உங்களுக்கு இன்னா அவசரம்?”

“பேச்சை முடிக்கத்தான்,” என்றேன்.

“உடம்ப பாத்துக்கோங்க,” என்றாள். வைத்துவிட்டாள்.

ஜன்னலில் ஷூ. மறுபடி வெள்ளை.

14 அக்டோபர், செவ்வாய்
ஆம்பூர்

நேற்று வந்து இறங்கினேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து போய் டீ வைத்துக் கொடுத்தாள். அப்புறம் வாசலில் பக்கத்து வீட்டு அக்காவிடம், ‘கம்பெனி வீட்லயே உக்காந்து வேலை பாக்க சொல்லிட்டாங்களாம்’ என்று சொல்வது கேட்டது.

இன்று ஷிப்ட் விடும் நேரத்தில் ஷூ கம்பெனி கேட்டுக்குப் போனேன். கூட்டம் கூட்டமாகப் பெண்கள், ஷேர் ஆட்டோக்கள், அதற்கு நடுவே சாலமோன் மாமா டிஃபன் பையோடு வந்தார். நான் யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. கத்துவார் என்று கிறிஸ்டினா சொன்னாளே, அவர் கத்தவில்லை. டீக்கடைக்குக் கூட்டிப்போய் டீ சொன்னார்.

லேப்டாப்பைத் திறந்து என் வேலை முழுவதையும் காட்டினேன். திரையில் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “லைனிங் மடிப்பு அச்சு அசலா கீதுப்பா,” என்றார். நிஜமாகவே வியந்தார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பாயிடம் சொன்னது பயத்தில் சொன்னது, மன்னிக்கணும், இங்கேயே இருந்து வேலை செய்கிறேன் என்றெல்லாம் சொன்னேன்.

டீயைக் குடித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

“தம்பி, நீ இன்னா வேலை வேணா செய். அது எனக்கு பிரச்சினை இல்ல. பாய் அங்க கடைக்காரன், வீட்டுக்காரன், யாரையும் கேக்கலப்பா. உன்னையேதான் கேட்டாரு. ஊரு இன்னா, வேலை இன்னா, கல்யாணம் இன்னான்னு. உன்னைப் பத்தி உன்னைவிட நல்லா யாரு சொல்லப் போறாங்க? நீ ஒண்ணுமே இல்லன்னுட்ட.”

“கிறிஸ்டினா இன்னா சொல்றா?”

“அதுங்கிட்ட கேட்டுட்டுத்தான் உன்கிட்ட பேசறேன்.”

டீக்கு அவரே கொடுத்தார். வில்சன் பைக்கில் வந்து என்னை ஏற்றிக்கொண்டான். வழியெல்லாம் ஏதேதோ பேசிச் சிரிக்க வைக்கப் பார்த்தான். நல்லவன்.

9 நவம்பர், ஞாயிறு

மழை. நெட் போய்ப் போய் வருகிறது. வில்சன் ஏணி போட்டு ஏறி ஒயரை மாற்றிக் கொடுத்தான். இப்போது டேனரிக்கும் அவனோடு நானே போகிறேன். தோலைத் தொட்டுப் பார்த்து நானே மடக்கிப் படம் எடுக்கிறேன். போர்ச்சுகல் மேடம் ஒரு நாள் கேட்டார், ‘வீடு மாறிவிட்டீர்களா? பின்னால் சத்தம் வேறு மாதிரி இருக்கிறதே. முன்பு இருந்த இடம் இன்னும் அழகாக இருந்தது.’

இல்லை மேடம், ஆம்பூர்தான் என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

தெருவில் எல்லோரும் கேட்கிறார்கள். எங்க போற, எப்ப வந்த, திரும்பப் போவியா, கல்யாணம் எப்போ. கேட்கட்டும். நின்று ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லப் பழகுகிறேன். சில நாள் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

6 டிசம்பர், சனி

வில்சன் என்னைப் பார்த்தால் ஒதுங்குகிறான். இரண்டு வாரமாக இப்படித்தான். டேனரிக்குக் கூப்பிட்டால், ‘வேலை ஜாஸ்தி, நீ முன்னாடி போ’ என்கிறான். எதிர்வீடு, எத்தனை நாள் ஒளிவான்? இன்று அவன் அம்மாவும் என் அம்மாவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாளாம். நாங்கள் என்ன செய்தோம் என்று அம்மா கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை. தோல் ஃபோட்டோ விஷயமாக அவனுக்கு டேனரியில் ஏதாவது தொல்லையா? என்னால் அவனுக்கு வேலை போய்விடக் கூடாது, கர்த்தரே.

கிறிஸ்டினா நம்பரை அழிக்கவில்லை. கூப்பிடவும் இல்லை.

25 டிசம்பர், வியாழன்

கோயிலில் வில்சன் இரண்டு வரிசை முன்னால். சமாதான வாழ்த்து சொல்லும் நேரத்தில் திரும்பி என் கையைப் பிடித்தான். விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது.

10 ஜனவரி 2026, சனி

அம்மா மாதர் சங்கத்துக்குப் போயிருந்தாள். நான் வாசலில் உட்கார்ந்து ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். இந்த ஊர்க் காற்றில் அது பழையபடி ஆகிவிட்டது, ஒரே ஒரு இடத்தில் மட்டும் கறை.

குடையோடு ஒரு அம்மா வந்தார். நல்ல புடவை, நடந்து வந்த களைப்பு. “தம்பி, இந்தத் தெருவுல வாடகைக்கு வீடு எதனா காலி கீதா?”

இல்லை என்றேன். தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, பாதி சொம்போடு எதிர்வீட்டைப் பார்த்தார். “அந்த வீட்டுப் பையன் வில்சன்னு... உனக்குப் பழக்கமா?”

அப்போதே புரிந்துவிட்டது, வீடு தேடி வந்தவர் இல்லை என்று. வில்சனுக்குக் கல்யாணம்! கள்ளன், இதற்கா ஒளிந்தான்? சிரிப்புகூட வந்தது. “சின்ன வயசுல இருந்து பழக்கம், கேளுங்கம்மா,” என்றேன்.

“மறைக்கல தம்பி. பொண்ணு எங்க அண்ணன் மக. குடியாத்தம். வேலூர்ல நர்ஸா கீது. அப்பா இல்லாத புள்ள. முன்னாடி இதே தெருவுலயே ஒரு ஃபாரின் பையன் பாத்தாங்களாம், அது சரி வரல. அப்புறம் அவ தாய்மாமன்தான் இந்தப் பையனைச் சொன்னாரு. இதையாவது நாமளே நேர்ல விசாரிச்சுடலாம்னு பேரணாம்பட்டுல இருந்து நான் வந்தேன்.”

பாலிஷ் பிரஷ் கையிலேயே இருந்தது. எதிர்வீட்டு ஜன்னல் கதவு லேசாகத் திறந்திருந்தது, உள்ளே யாரோ நிற்கிற நிழல். அவன்தான். அங்கிருந்து எங்கள் வாசலில் பேசுவது கேட்காது, பார்க்க மட்டும் முடியும்.

“குடி எதனா உண்டா?”

ஒரு வார்த்தை போதும். ‘அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா’ என்றால்கூடப் போதும், எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். எழுந்து வந்த வழியே போய்விடுவார். அதை நினைத்தேன். நினைக்கவில்லை என்று எழுதமாட்டேன்.

“கிடையாதும்மா. கோவம்தான் கொஞ்சம் ஜாஸ்தி, அதுவும் வேலை நேரத்துல. வீட்ல அவங்க அம்மா பேச்சைத் தட்ட மாட்டான்.”

“பொய் பேசுவானா?”

மோட்டார் ஃபோட்டோ என்று எனக்காக சூப்பர்வைசரிடம் சொன்னவன் ஞாபகத்துக்கு வந்தான்.

“தனக்காக பேசினதில்ல,” என்றேன். “யாருக்கு ஒண்ணுன்னாலும் முதல் ஆளா நிப்பான். பொண்ணுக்கு காய்ச்சல்னா கஞ்சி வச்சுக் குடுப்பான். நம்பிக் குடுக்கலாம்மா.”

அவர் முகம் தெளிந்து, சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். “நல்லா இருப்பா. உன் பேரு இன்னா? யாரு சொன்னாங்கன்னு வீட்ல கேப்பாங்க.”

வேறு ஒரு பேர் வாய்வரை வந்தது.

“ஐசக்,” என்றேன். “ஆம்பூர்தான். இதே வீடு.”

அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். வாசலைப் பார்த்தார், கையில் இருந்த பிரஷைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அந்த ‘ஃபாரின் பையன்’ பேரையும் அவருக்குச் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். “சரிப்பா,” என்றார்.

அப்புறம் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தெருவைக் கடந்து போய் வில்சன் வீட்டுக் கதவைத் தட்டினார்.